புளிப்பின் வரலாறு: தோல் உரிவதும், தோலை உரிப்பதும்

கார்த்திகை பிறந்துவிட்டால் இங்கே ஜெய்ப்பூரில் தமிழ்க் குடும்பங்கள் சந்திக்கும்போது பேச்சு இரண்டே விஷயத்தைச் சுற்றித்தான் வரும். ஒன்று, பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கிடைத்ததா. இரண்டு, தோல். "காலெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்துப் போச்சுங்க", "நகத்தால கோடு போட்டா சிலேட்டு மாதிரி தெரியுது", "காலையில போர்வையை உதறினா மாவு சலிச்ச மாதிரி கொட்டுது". கடற்கரைக் காற்றிலேயே வளர்ந்த உடம்பு இந்தப் பாலைவனக் குளிரைக் கண்டால் அப்படித்தான் கோபித்துக் கொள்ளும்.

இப்போது கூடவே இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஆன்லைனில் சின்னச் சின்னப் பாட்டில்களாக வாங்கி அடுக்குகிறார்கள். லாக்டிக் அமிலம் 10 சதவீதம், கிளைகாலிக் அமிலம் 7 சதவீதம், யூரியா கிரீம் என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த ஒரு பெரியவர், "ஏம்பா, யூரியா வயலுக்குப் போடறதாச்சே? ஆசிட்டை மூஞ்சியில பூசறதா? நல்லா இருக்குதே நியாயம்!" என்றார். கேள்வி நியாயமானதுதான். பதில் இருநூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை. நான் பி.காம். படித்த வங்கிக்காரன், டாக்டர் இல்லை. தேடிப் படித்ததை ஓர் ஒழுங்கில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம். ஒரு காபி கலந்து எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு கணக்கு

நம் மேல்தோலின் அடியில் தினமும் புதுச் செல்கள் பிறக்கின்றன. அவை மெல்ல மேலே ஏறி, தட்டையாகி, உயிர் விட்டு, உச்சியில் ஒரு காப்பு அடுக்காகப் படிந்து, கடைசியில் உதிர்ந்து போகின்றன. பிறப்பிலிருந்து உதிர்வு வரை ஏறக்குறைய நான்கு வாரம். ஒழுங்காக நடந்தால் உதிர்வது நம் கண்ணுக்கே தெரியாது.

அந்தத் தட்டைச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கப் புரதத்தாலான பிணைப்புகள் உண்டு. உதிர வேண்டிய நேரத்தில் சில நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். அந்த நொதிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். காற்று வறண்டு, தோலில் ஈரம் குறைந்தால் வெட்டும் வேலை நின்றுபோகும். கீழிருந்து செல்கள் வந்துகொண்டே இருக்கும், மேலே இருப்பவை போகாது. கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டு, பிறகு பொருக்குப் பொருக்காகப் பெயரும்.

எங்கள் பாஷையில் சொன்னால், இது பணப் பற்றாக்குறை அல்ல. கிளியரிங் ஆகாமல் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தேங்கி நிற்கும் பாக்கி. வறண்ட தோல் என்றால் தோல் "தேய்ந்து போயிற்று" என்றுதான் நினைப்போம். உண்மையில் அது மேலே குவிந்து கிடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அமிலம் ஏன் உதவுகிறது என்பது பாதி புரிந்துவிடும்.

புளித்த பாலில் ஆரம்பம்

ரோமாபுரி ராணி பொப்பேயா கழுதைப்பாலில் குளிப்பதற்காக 500 கழுதைகள் வைத்திருந்ததாக மூத்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். நம் வீடுகளில் கடலைமாவில் தயிர் குழைத்துப் பூசுவது இன்றும் உண்டு. பாலும் தயிரும் தோலை மென்மையாக்கும் என்று பல ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது.

அதைப் பிரித்துக் காட்டியவர் ஸ்வீடன் நாட்டு மருந்துக் கடைக்காரர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. மருந்துக் கடையில் வேலை கற்றவர். 1780இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தார். அதற்கு முன்பே டார்டாரிக் அமிலம், அப்புறம் 1784இல் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம், 1785இல் ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலம். நம் சாம்பாரில் போடும் புளியின் புளிப்புக்கும் அந்த டார்டாரிக் அமிலம்தான் முக்கியக் காரணம். 1786இல், 43 வயதில், ஷீலே இறந்துவிட்டார். தான் பிரித்தெடுத்த நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றோ, அந்தக் குடும்பத்துக்கு ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலங்கள் என்று பெயர் வரும் என்றோ அவருக்குத் தெரியாது. கரும்புச் சாற்றில் இருக்கும் கிளைகாலிக் அமிலமும் இதே குடும்பத்தின் கடைக்குட்டிதான். எல்லாவற்றிலும் சின்ன மூலக்கூறு அதுதான் என்பதால் தோலுக்குள் சுலபமாக நுழையும்.

1828ஆம் வருஷம்

இந்த ஒரே வருஷத்தில் ஜெர்மனியில் இரண்டு காரியம் நடந்தது. மியூனிக்கில் யோஹான் புக்னர் வில்லோ மரப்பட்டையிலிருந்து சாலிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார். இன்னொரு பக்கம் ஃபிரீட்ரிஷ் வோலர், உயிருள்ள உடம்பில் மட்டுமே உண்டாகும் என்று எல்லோரும் நம்பியிருந்த யூரியாவைச் சோதனைச்சாலையில் செய்து காட்டினார். இரண்டும் பிற்காலத்தில் ஒரே களிம்பு டப்பாவுக்குள் வந்து சேரும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்!

சாலிசினிலிருந்து சாலிசிலிக் அமிலத்தை 1838இல் இத்தாலிக்காரர் ரஃபேலே பிரியா செய்தார். கோல்பே என்ற ஜெர்மன் வேதியியலாளரின் முறைப்படி 1874இல் டிரெஸ்டன் அருகே தொழிற்சாலையிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை இறங்கியது, மருத்துவர்கள் கைக்கு வந்தது.

ஹாம்பர்க் நகரத்துத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா 1882இல் சாலிசிலிக் அமிலம் தடித்த தோலை இளக்கி உரிப்பதை விவரித்தார். நம் ஊர் மருந்துக் கடையில் கால் ஆணிக்கு விற்கும் பட்டையில் இருப்பது இன்றும் அதே சாலிசிலிக் அமிலம்தான். இதே உன்னாவின் ஆலோசனையோடு உருவானதுதான் 1911இல் வந்த நிவியா கிரீம். தண்ணீரும் எண்ணெயும் பிரியாமல் நிற்கும் களிம்பு அது. உரிக்கும் மருந்து, ஈரம் காக்கும் களிம்பு இரண்டின் கதையிலும் ஒரே மனிதர் வருகிறார். அது தற்செயல் இல்லை. உரித்தால் மட்டும் போதாது, உரித்த இடத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கவும் வேண்டும்.

காட்சிப் பொருளாக நின்றவர்கள்

களிம்பு இல்லாத காலத்தில் கடுமையான செதில் தோலோடு பிறந்தவர்கள் என்ன ஆனார்கள்? இங்கிலாந்தில் எட்வர்ட் லாம்பர்ட் என்றொருவர். 1730களில் லண்டன் ராயல் சொசைட்டியில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உடம்பெல்லாம் முள் முள்ளாகத் தடித்த தோல். "முள்ளம்பன்றி மனிதன்" என்று பெயர். அவருடைய பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் அதே தோல். பேரன்மாரை ஐரோப்பாவெங்கும் காசுக்குக் காட்டினார்கள். இந்த வகை நோய்களுக்கு இக்தியோசிஸ் என்ற பெயரை 1808இல் தன் நூலில் வரையறுத்தவர் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன். கிரேக்க மொழியில் இக்தீஸ் என்றால் மீன்.

லாம்பர்ட் குடும்பத்துக்கு வந்தது மிக அரிய, கடுமையான வகை. ஆனால் இதிலேயே லேசான வகை ஒன்று இருக்கிறது, இக்தியோசிஸ் வல்காரிஸ் என்று பெயர். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள். அதாவது நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். எங்கள் வங்கிக் கிளையில் இருந்தது.

கேஷ் கவுண்டரில்

சில வருஷங்களுக்கு முன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எங்கள் கிளைக்குக் காசாளராக வந்தார். சுறுசுறுப்பான பையன். மழைக்காலத்தில் வந்தார், ஒன்றும் தெரியவில்லை. மார்கழி வந்ததும் கையும் முன்னங்கையும் செதில் செதிலாகப் பெயர ஆரம்பித்தது. நோட்டு எண்ண எண்ண விரல் வெடித்தது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், "கையில் தராதே, மேஜையில் வை" என்று இந்தியில் உரக்கச் சொன்னார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அடுத்த நாளிலிருந்து தம்பி கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கையுறையோடு கட்டு எண்ண முடியுமா? வேலை தாமதம், கவுண்டரில் சத்தம். ஒரு மாதத்துக்குள், "சார், எழுதிக் கொடுத்துட்டு ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்று என்னிடம் வந்து நின்றார்.

"வீட்டுல சொன்னியாப்பா?"

"சொன்னேன் சார். ஊருக்குப் போனா ஒரு வாரத்துல நல்லாயிடுது. அதனால யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. வேலைக்குப் போக சாக்கு சொல்றேன்னு அப்பா நினைக்கிறார்."

அவரை ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் முதலில் பார்த்தது உள்ளங்கையை. ஜோசியர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிகமான, ஆழமான ரேகைகள். பிறகு முழங்கையின் உள்மடிப்பைப் பார்த்தார். அங்கே மட்டும் தோல் வழவழவென்று இருந்தது. "பிறவியிலேயே இருப்பது, காற்றில் ஈரம் இருக்கும் ஊரில் அடங்கியிருக்கும், வறண்ட ஊரில் தலைகாட்டும், தொற்றவே தொற்றாது" என்றார். தூத்துக்குடியின் கடல் காற்று இருபத்தைந்து வருஷம் மறைத்து வைத்த ரகசியத்தை ராஜஸ்தான் காற்று மூன்றே மாதத்தில் போட்டு உடைத்துவிட்டது. யூரியாவும் லாக்டிக் அமிலமும் கலந்த களிம்பு எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் கையுறை மேஜை டிராயருக்குள் போனது. தம்பி இப்போது பதவி உயர்வு பெற்று வேறு ஊரில் இருக்கிறார். களிம்பு மட்டும் நிற்கவில்லை.

அந்தக் களிம்பு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இதையெல்லாம் படித்தேன்.

1968, 1974

தோலின் மேல் அடுக்கில் இயற்கையாகவே ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் சரக்குகள் சில உண்டு. அமினோ அமிலங்கள், லாக்டேட், யூரியா. ஆமாம், வயலுக்குப் போடும் அதே யூரியா நம் தோலிலேயே இருக்கிறது. 1968இல் ஸ்வீடன் மருத்துவர் குன்னர் ஸ்வான்பெக் யூரியா களிம்பை இக்தியோசிஸ் நோயாளிகளுக்குப் பூசிப் பலன் கண்டதை வெளியிட்டார். 10 சதவீத அளவில் அது ஈரத்தைப் பிடிக்கும், அளவு ஏற ஏறத் தடித்த தோலைக் கரைக்கும்.

பெரிய திருப்பம் 1974இல். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தோல் மருத்துவர் யூஜின் வான் ஸ்காட், வேதியியலாளர் ரூயி யூ இருவரும் 60க்கும் மேற்பட்ட பொருட்களை ஒவ்வொன்றாக இக்தியோசிஸ் நோயாளிகளின் தோலில் பூசிப் பார்த்தார்கள். சிறந்த பலன் தந்தவற்றில் முன்னே நின்றவை லாக்டிக், கிளைகாலிக், சிட்ரிக், மாலிக் அமிலங்கள். கிளைகாலிக் தவிர மற்ற மூன்றும் ஷீலே பிரித்த அதே ஆட்கள், ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து! இவை தோலை மேலிருந்து பொசுக்கிக் கரைக்கவில்லை. குவியலின் அடிப்பகுதியில் செல்களின் பிணைப்பைத் தளர்த்தின, பொருக்கு தானாகக் கழன்றது. தேங்கி நின்ற கிளியரிங் நடந்தது.

இதை நாம் மறக்கக்கூடாது. இன்று அழகு சாதனமாக விற்கும் இந்த அமிலங்களின் நவீனக் கதை அழகுக்காக ஆரம்பிக்கவில்லை. சட்டைக் கையை மடிக்கக் கூசிய மனிதர்களுக்காக ஆரம்பித்தது.

1985இல் 12 சதவீத லாக்டேட் லோஷனுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. வான் ஸ்காட்டும் யூவும் காப்புரிமைகள் வாங்கி 1988இல் கம்பெனியும் தொடங்கினார்கள். சுருக்கம் குறையும், முகம் பளபளக்கும் என்று தெரிந்ததும் 1990களில் சந்தை கட்டுக்கடங்காமல் போனது. எரிச்சல், புண் என்று புகார்களும் வந்தன. அழகு சாதனப் பொருட்களை ஆராயும் அமெரிக்க நிபுணர் குழு 1990களின் இறுதியில் ஒரு வரம்பு கட்டியது. வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், பி.எச். அளவு 3.5க்குக் கீழே போக வேண்டாம். 2005இல், வெயில் தோலைச் சுடும் என்ற எச்சரிக்கையை டப்பாவிலேயே அச்சிடும்படி அந்நாட்டு அரசு அறிவுறுத்தியது.

சரி, அந்தத் தம்பியின் தோல் ஏன் அப்படி? அதற்கு விடை 2006இல்தான் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழு, ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பழுதே காரணம் என்று கண்டுபிடித்தது. இந்தப் புரதம் உடைந்துதான் ஈரம் பிடிக்கும் அமினோ அமிலங்கள் உண்டாக வேண்டும். புரதம் இல்லை என்றால் ஈரமும் இல்லை. ஆக, மருந்து 1974இல், காரணம் 2006இல். வைத்தியம் முந்திக்கொண்டது, விளக்கம் 32 வருஷம் கழித்து வந்தது.

சதவீதம் என்னும் மாயை

வங்கிக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 12 சதவீத வட்டி என்று இரண்டு பேர் போர்டு வைக்கிறார்கள். ஒருவர் குறையும் பாக்கிக்கு வட்டி போடுகிறார், இன்னொருவர் கடைசி வரை முழு அசலுக்கும் போடுகிறார். போர்டில் ஒரே எண். கட்டி முடிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அமிலப் பாட்டிலும் அப்படித்தான். உரிக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் அமிலத்தின் "சுதந்திர" பகுதி. அது எவ்வளவு என்பதைப் பி.எச். தீர்மானிக்கிறது. லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களுக்குப் பி.எச். சுமார் 3.8 இருந்தால் பாதி சுதந்திரம். ஆக 10 சதவீதப் பாட்டிலில் 5 சதவீதம் வேலை செய்யும். பி.எச். 4.8 ஆனால் அதே 10 சதவீதப் பாட்டிலில் 1 சதவீதம்கூடத் தேறாது. 2.8க்கு இறங்கினால் 9 சதவீதத்துக்கு மேல்! லேபிளில் மூன்றுமே "10 சதவீதம்". ஒன்று தடவிக் கொடுக்கும், ஒன்று சுட்டுவிடும்.

அப்படியானால் தயிரும் எலுமிச்சையும்? தயிரில் லாக்டிக் அமிலம் 1 சதவீதம் அளவில்தான், அதிலும் சுதந்திரப் பகுதி சொற்பம். குளுமையாக இருக்கும், கெடுதல் இல்லை, ஆனால் செதிலுக்கு அது மருந்தாகாது. எலுமிச்சை நேர் எதிர். பி.எச். 2க்குப் பக்கத்தில் நிற்கும். சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கருகிய மாதிரி திட்டுகள் விழும். இந்த ஊர் வெயிலுக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம்.

நம் வீட்டுக்கு வேண்டியவை

1. தேய்த்து உரிக்காதீர்கள். பீர்க்கங்காய் நார், முல்தானி மட்டி, கொதிக்கும் கீசர் தண்ணீர் மூன்றும் வறண்ட தோலுக்கு எதிரிகள்.

2. குளித்துத் துவட்டிய சில நிமிஷங்களுக்குள், ஈரம் காயும் முன் களிம்பு பூச வேண்டும். வெறும் வறட்சி என்றால் சாதாரண மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ போதும். செதில் விடாமல் இருந்தால்தான் யூரியாவும் லாக்டிக் அமிலமும்.

3. வெடித்த இடத்தில் அமிலம் எரியும். சிவந்து, அரித்து, நீர் கசிகிறது என்றால் அது வேறு நோயாக இருக்கலாம். அங்கே அமிலம் கூடாது.

4. சின்னக் குழந்தைகளின் உடம்பு முழுக்கச் சாலிசிலிக் களிம்பு பூசவே கூடாது. தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து விஷமாகும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

5. அமிலம் பூசும் நாட்களிலும், நிறுத்தி ஒரு வாரம் வரையிலும் வெயிலுக்குத் தோல் கூடுதலாகச் சுடும். முகம், கை என்றால் சன் ஸ்கிரீன் கட்டாயம்.

6. நடு வயதில் திடீரென்று உடம்பெல்லாம் செதில் வந்தால் களிம்பைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள். தைராய்டு முதல் வேறு பெரிய நோய்கள் வரை அதன் பின்னால் இருக்கலாம்.

7. ரத்தச் சிவப்பில் 30 சதவீத அமிலத்தை முகத்தில் பூசிப் படம் எடுத்துப் போடும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால், திட்டாமல் மேலே சொன்ன சதவீதக் கணக்கை மட்டும் காட்டுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு புரியும்.

இன்னொன்று. இந்தப் பிறவிச் செதில் தோலுக்கு ஒரேயடியாகத் தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை. எங்கள் பாஷையில், ஒன் டைம் செட்டில்மெண்ட் கிடையாது, மாதத் தவணைதான். கட்டிக்கொண்டே இருந்தால் கணக்கு ஒழுங்காக இருக்கும். நிறுத்தினால் பாக்கி ஏறும்.

தவணையைத் தோல்காரர் கட்டிவிடுவார். மிச்சம் நம் கையில் இருக்கிறது. செதில் பூத்த கை யாரையும் தொற்றாது. அது பரிசோதனை செய்து முடிந்த உண்மை. ஆகவே, ரயிலில், வகுப்பறையில், பெண் பார்க்கப் போன வீட்டில், கவுண்டரின் மறுபக்கத்தில் அப்படி ஒரு கை நீண்டால், தயங்காமல் பற்றிக் குலுக்குங்கள். அதற்கு எந்த டாக்டர் சீட்டும் வேண்டாம்.